பிரவுனிப் பாட்டியின் ஊர்!

ஸான் ஃபிரான்ஸிஸ்கோவுக்கு ஜூலை மாதம் போகிறவர்கள் பெட்டியில் முதலில் வைக்க வேண்டியது ஸ்வெட்டர். அமெரிக்கா முழுக்க வெயில் வறுத்தெடுக்கும்போது, இந்த ஊரில் மட்டும் பசிபிக் கடலிலிருந்து பனிமூட்டம் கிளம்பி வந்து கழுத்து வரை போர்த்திவிட்டுப் போகிறது. அரைக்கை சட்டையோடு இறங்கி, பிறகு பிளாட்பாரத்தில் ஊர் பேர் போட்ட ஜெர்ஸி வாங்கிப் போட்டுக்கொண்டு நடுங்குகிறவர்களை வைத்தே டூரிஸ்டுகளைக் கண்டுபிடித்துவிடலாம்.

அடுத்தது மேடுகள். நம் திருச்சியில் மலைக்கோட்டை ஏற வேண்டுமென்றால் படி வெட்டி வைத்தார்கள். இவர்கள் படிக்கெல்லாம் மெனக்கெடவில்லை. மலை மேலேயே தார் ரோடு போட்டு, அதன் மேல் கார்களையும் நிறுத்திவிட்டார்கள்!

இந்த ஊரில் எல்லோரும் பார்ப்பது தங்க வாசல் பாலம், கேபிள் கார், கடல் நடுவே அல்கட்ராஸ் சிறை. அவற்றைப் பற்றித்தான் எத்தனையோ பேர் எழுதிவிட்டார்களே! நான் பார்க்கப் போனது வேறு மூன்று இடங்கள். ஓர் ஆஸ்பத்திரி, ஒரு தெரு முனை, ஒரு கடை. இன்று உலகம் பூராவும் நடக்கிற ஒரு பெரிய சண்டை – கஞ்சாவை மருந்தாக அனுமதிக்கலாமா, கூடாதா – சூடு பிடித்தது இந்த மூன்று இடங்களின் வழியாகத்தான்.

கூட வந்தவர் நம்ம ஊர் நண்பர். முப்பது வருஷமாக அந்தப் பக்கம் வாசம்; அமெரிக்கக் குடியுரிமை வாங்கி ஓட்டும் போடுகிறவர்.

"சார், ஊருக்கு வர்றவங்களை நான் பாலத்துக்குக் கூட்டிட்டுப் போவேன், ஏரிக்கரைக்குக் கூட்டிட்டுப் போவேன். கஞ்சா விவகாரம் பார்க்கணும்னு கேட்ட முதல் ஆள் நீங்கதான். வீட்ல சொல்லிடாதீங்க!" என்றபடி டிராமில் ஏறினார்.

அது 'எஃப்' லைன் டிராம். உலகத்தின் பல ஊர்களில் ஓடி ஓய்ந்த பழைய வண்டிகளை வாங்கிப் பாலிஷ் போட்டு மார்க்கெட் தெருவில் ஓட விட்டிருக்கிறார்கள். இத்தாலியின் மிலான் நகரத்து வண்டிகள்கூட உண்டு. கடைசி ஸ்டாப், காஸ்ட்ரோ. வானவில் கொடி, 1922-ல் கட்டிய பழைய தியேட்டர், காப்பிக் கடைகள் என்று ஏரியாவே கல்யாண வீடு மாதிரி இருக்கிறது.

நாற்பது வருஷம் முன்னால் இது சாவு வீடாக இருந்தது.

வார்டு 86

1981-ல் எய்ட்ஸ் தலைகாட்டியது. ஓரினச் சேர்க்கையாளர்கள் பெருவாரியாக வாழ்ந்த காஸ்ட்ரோவில் வீட்டுக்கு வீடு இழவு. இருபத்தைந்து, முப்பது வயசுப் பையன்கள். நோய் எப்படித் தொற்றுகிறது என்று சரியாகத் தெரியாத நேரம். சாப்பாட்டுத் தட்டை வாசலிலேயே வைத்துவிட்டு ஓடிய ஆஸ்பத்திரி ஊழியர்கள் உண்டு.

அப்போது பொட்ரேரோ அவென்யூவில் இருக்கும் ஸான் ஃபிரான்ஸிஸ்கோ பொது மருத்துவமனை, 1983-ல் இந்த நோயாளிகளுக்கென்றே இரண்டு ஏற்பாடுகள் செய்தது. வந்து போகிறவர்களுக்கு வார்டு 86. படுக்கையில் விழுந்தவர்களுக்கு வார்டு 5-பி. அங்கே நர்ஸுகள் கையுறை இல்லாமல் நோயாளியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். இன்று கேட்க சாதாரணமாக இருக்கும். அன்றைக்கு அது பெரிய தைரியம்.

சிவப்புச் செங்கல் கட்டடங்கள் கொண்ட நம்ம ஊர் ஜி.ஹெச். போன்ற தர்மாஸ்பத்திரிதான். 2015-ல் 'ஃபேஸ்புக்' ஜூக்கர்பெர்க் தம்பதி கொடுத்த 7.5 கோடி டாலர் நன்கொடைக்காக அவர் பெயரும் முன்னால் ஒட்டிக்கொண்டுவிட்டது. வார்டு 86 இன்றும் நடக்கிறது.

எய்ட்ஸ் நோயாளியின் பெரிய அவஸ்தைகளில் ஒன்று, உருகிப்போவது. வாயில் ருசி இல்லை, பசி இல்லை, சாப்பிட்டால் குமட்டல். 1987-ல் வந்த முதல் மருந்து ஏ.இஸட்.டி.யோ குமட்டலை இன்னும் கூட்டியது. ஆறடி ஆள் கண்ணெதிரே எலும்புக்கூடாவதை டாக்டர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இந்த இடத்தில்தான் நம் கதாநாயகி நுழைகிறார்.

பெயர் மேரி ரத்பன். ஓட்டலில் சர்வராக வேலை பார்த்தவர். ஒரே மகளைக் கார் விபத்தில் பறிகொடுத்தவர். வருமானத்துக்காக வீட்டில் பிரவுனி – அதாவது, நம் மைசூர்பாகு சைஸில் வெட்டி விற்கும் சாக்லேட் கேக் – சுட்டு விற்றார். கேக்கில் வெண்ணெய், முட்டை, சர்க்கரை... கூடவே கஞ்சா! 1981-ல் போலீஸ் கதவைத் தட்டியபோது வீட்டில் இருந்தது 18 பவுண்டு கஞ்சா. டஜன் டஜனாக பிரவுனி. அறுபதை நெருங்கிக்கொண்டிருந்த அம்மணியை ஜெயிலில் போட நீதிபதிக்கு மனசு வரவில்லை போலும். 500 மணி நேரம் சமூக சேவை செய் என்று தீர்ப்பு.

அந்தத் தீர்ப்புதான் வினையாகப் போயிற்று, அல்லது, விமோசனமாக.

சேவைக்காக அவர் போய்ச் சேர்ந்த இடங்களில் ஒன்று, மரணப் படுக்கையில் இருப்போருக்குத் துணை நிற்கும் 'சாந்தி' என்ற அமைப்பு. (ஆமாம், நம்ம சாந்திதான்! 1974-ல் ஆரம்பித்தபோதே வைத்த பெயர்.) அப்புறம் வார்டு 86. 500 மணி நேரம் முடிந்த பிறகும் பாட்டி வீட்டுக்குப் போகவில்லை. நோயாளிகளை "என் பிள்ளைகள்" என்றார். ஒரு பிரவுனி தின்ற பையன் அரை மணி, ஒரு மணி கழித்து எழுந்து உட்கார்ந்து சாப்பாடு கேட்டால், அதைவிட வேறென்ன வேண்டும்? கேட்கிறவர்கள் கூட்டம் பெருகி, சுட்டு மாளவில்லை. பெயர்களைச் சீட்டெழுதி ஜாடியில் போட்டுக் குலுக்கி எடுக்கும் நிலைமை!

1986-ல் அந்த வார்டு அவரை அந்த ஆண்டின் சிறந்த தொண்டராக கௌரவித்தது. 1992-ல் பக்கத்து மாவட்டத்தில் ஒரு வீட்டில் பிரவுனிக்கு மாவு கலக்கிக்கொண்டிருந்தபோது மறுபடி கைது. அதே வருஷம் ஆகஸ்ட் 25-ந் தேதியை 'பிரவுனி மேரி தினம்' என்று ஸான் ஃபிரான்ஸிஸ்கோ நகரசபை அறிவித்தது. போலீஸ் ஒரு பக்கம் விலங்கு மாட்ட, நகரசபை மறுபக்கம் மாலை போட... அமெரிக்க ஜனநாயகம் என்பது இதுதான்!

மார்க்கெட் தெரு, எண் 1444

அடுத்த ஆசாமி டென்னிஸ் பெரோன். வியட்நாம் யுத்தத்தில் விமானப்படையில் இருந்து திரும்பியவர். எழுபதுகளிலிருந்தே இந்த ஊரில் கஞ்சா வியாபாரி. அதை அவர் மறைத்ததும் இல்லை. அவருடைய துணைவர் ஜோனதன் வெஸ்டுக்கு எய்ட்ஸ். 1990 ஜனவரியில் போலீஸ் வீட்டுக்குள் புகுந்து நாலு அவுன்ஸ் கஞ்சாவைப் பிடித்து, பெரோனை விற்பனைக் குற்றத்தில் கைது செய்தது. வழக்கு வந்தபோது ஜோனதன், நடக்கத் தெம்பில்லாத நிலையில் கோர்ட்டுக்கு வந்து கூண்டில் ஏறி, "அது என்னுடையது, என் நோய்க்காக வைத்திருந்தது" என்று சாட்சி சொன்னார். வழக்கு தள்ளுபடி ஆயிற்று. சில வாரங்களுக்குள் ஜோனதன் இறந்துபோனார்.

வியாபாரி போராளியானது அதற்கப்புறம்தான். 1991-ல் பெரோனின் முயற்சியில், மருத்துவக் கஞ்சாவை அனுமதிக்கக் கோரும் தீர்மானம் நகர மக்களின் ஓட்டுக்கு வந்தது. சுமார் 80 சதவிகிதம் பேர் 'ஆம்' என்றார்கள். அந்தத் தெம்பில் அவர் கஞ்சா கிளப் தொடங்கினார். அது வளர்ந்து வளர்ந்து, மார்க்கெட் தெரு 1444-ம் எண் கட்டடத்துக்கு வந்து சேர்ந்தது. ஐந்து மாடி, சோபாக்கள், போர்டில் எழுதிய விலைப்பட்டியல். டாக்டர் சீட்டு காட்டினால் அங்கத்தினர் அட்டை. பல்லாயிரம் அங்கத்தினர்கள். வீட்டில் தனியாகக் கிடந்து செத்துக்கொண்டிருந்தவர்களுக்குப் பேச்சுத் துணையும் அங்கேதான் கிடைத்தது.

எல்லோரும் நோயாளிகள்தானா? இங்கேதான் சிக்கல். போலி டாக்டர் சீட்டோடு போன மாறுவேடப் போலீஸாருக்கும் சரக்கு கிடைத்தது என்பது அரசுத் தரப்பின் குற்றச்சாட்டு. 1996 ஆகஸ்ட் 4-ந் தேதி மாநில அட்டர்னி ஜெனரல் டேன் லங்க்ரனின் ஆட்கள் திடீர் சோதனை போட்டுக் கிளப்பை இழுத்து மூடினார்கள்.

மூன்று மாதத்தில் மாநிலமே ஓட்டுப் போட இருந்த நேரம். 'டூன்ஸ்பரி' என்ற பிரபலமான கார்ட்டூன் தொடர் இந்தச் சோதனையைக் கிண்டலடித்தது. லங்க்ரன் பேசாமல் இருந்திருக்கலாம். கார்ட்டூனை நிறுத்துங்கள் என்று பத்திரிகைகளைக் கேட்டுக்கொண்டார். படிக்காதவர்களும் தேடிப் படித்தார்கள்! பத்திரிகைக்காரனோடு மோதலாம், கார்ட்டூனிஸ்ட்டோடு மோதினால் எந்த ஊரிலும் இதுதான் கதி.

1996 நவம்பர் 5. 'ப்ரொபொசிஷன் 215' கலிஃபோர்னியாவில் 55.6 சதவிகித ஓட்டில் ஜெயித்தது. மருத்துவத்துக்காகக் கஞ்சாவை அனுமதித்த முதல் அமெரிக்க மாநிலம்.

பட்டியலின் கடைசி வரி

"நீங்க அதுக்கு ஓட்டுப் போட்டீங்களா?" என்று நண்பரைக் கேட்டேன்.

"அப்ப எனக்கு ஓட்டு இல்ல சார். 2016-ல இருந்துச்சு. பொழுதுபோக்குக்கே சட்டப்படி விக்கலாம்னு கொண்டு வந்தாங்களே, ப்ரொபொசிஷன் 64... அதுக்கு 'நோ' போட்டேன். அப்ப பையன் ஹைஸ்கூல்ல இருந்தான். அந்த வயசுல மூளை இன்னும் வளர்ற நேரம். கடையில பெரியவங்களுக்குத்தான் தருவான், சரி. அண்ணன் வாங்கி வெச்சா தம்பி எடுக்க மாட்டானா? கேன்சர்ல கஷ்டப்படறவனுக்குக் குடுங்க, நான் வேண்டாங்கல. ஆனா அந்தக் கேன்சர்க்காரனைக் காட்டி, கால்வலிக்காரன் எல்லாம் க்யூவில நுழைஞ்சிட்டான் சார்!"

அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. 215-ன் வாசகம் புற்றுநோய், எய்ட்ஸ், க்ளாக்கோமா, தீராத வலி, மூட்டுவாதம், ஒற்றைத் தலைவலி என்று அடுக்கிக்கொண்டே போய், கடைசியில் 'கஞ்சாவால் நிவாரணம் கிடைக்கும் வேறு எந்த நோயும்' என்று முடிகிறது. அந்தக் கடைசி வரி வழியாக லாரியே ஓட்டலாம்! ஓட்டினார்கள். சில வருஷங்களில், காசு கொடுத்தால் சீட்டு எழுதித் தருவதையே முழு நேரத் தொழிலாக்கிக்கொண்ட டாக்டர்களின் விளம்பரங்கள் முளைத்தன. 2003-ல் நோயாளி அடையாள அட்டைக்காக ஒரு சட்டம் வந்தது. அதன் எண் 420! அங்கே அது கஞ்சாக்காரர்களின் சங்கேத எண். நம்ம ஊர் அர்த்தமும் பொருந்தத்தான் செய்கிறது.

இன்னொரு பக்கம், மத்திய அரசு. 1970-ம் வருஷச் சட்டம், கஞ்சாவை ஹெராயினோடு முதல் அட்டவணையில் வைத்தது. அதாவது 'மருத்துவப் பயன் எதுவும் இல்லாதது'. அதனால்தான் கலிஃபோர்னியா டாக்டர் இன்றுவரை கஞ்சாவுக்கு 'மருந்துச் சீட்டு' எழுதுவதில்லை, 'பரிந்துரை'தான் செய்கிறார். 215 ஜெயித்த கையோடு, பரிந்துரை செய்யும் டாக்டர்களின் லைசென்ஸில் கை வைப்போம் என்று வாஷிங்டன் மிரட்டியது. மார்கஸ் கோனன்ட் என்ற எய்ட்ஸ் டாக்டரும் மற்றவர்களும் கோர்ட்டுக்குப் போனார்கள். நோயாளியிடம் மனசில் பட்டதைச் சொல்வது டாக்டரின் பேச்சுரிமை என்று 2002-ல் மேல் கோர்ட் தீர்ப்புச் சொன்னது. ஆனால் 2005-ல் பக்கத்து ஓக்லண்டைச் சேர்ந்த ஏஞ்சல் ரெய்ச் என்ற நோயாளியின் வழக்கில், மாநிலம் அனுமதித்தாலும் மத்திய சட்டப்படி குற்றம் குற்றமே என்று சுப்ரீம் கோர்ட் 6–3 என்ற கணக்கில் சொல்லிவிட்டது. ஒரே ஆள், ஒரே வீடு, ஒரே செடி. மாநிலத்துக்கு நோயாளி, மத்திய அரசுக்குக் குற்றவாளி!

கேள்வியை மாற்றிக் கேட்ட டாக்டர்

இரண்டு தரப்பும் கத்திக்கொண்டிருக்கும்போது நடுவில் ஒருவர், "அது வேலை செய்கிறதா, இல்லையா என்று சோதித்துப் பார்த்துவிடலாமே?" என்றார். அதே பொது மருத்துவமனையின் டாக்டர் டொனால்ட் ஏப்ரம்ஸ். உருகிப்போகும் எய்ட்ஸ் நோயாளிகளுக்குக் கஞ்சா உதவுமா என்று ஆராய 1992-லேயே கிளம்பினார்.

ஆராய்ச்சிக்குச் சட்டப்படி கஞ்சா வேண்டுமென்றால், அப்போது மிஸிஸிப்பி பல்கலைக்கழகத்தில் மத்திய அரசுக்காகப் பயிரிட்ட ஒரே தோட்டத்திலிருந்துதான் வர வேண்டியிருந்தது. அதைக் கொடுக்கும் அதிகாரம், போதைப்பொருளின் தீமைகளை ஆராயும் மத்திய நிறுவனத்திடம் இருந்தது. நன்மையை ஆராய வருகிறவருக்கு அவர்கள் எப்படிக் கொடுப்பார்கள்? வருஷக்கணக்கில் இழுபறி. கடைசியில் ஏப்ரம்ஸ் கேள்வியைத் திருப்பிப் போட்டார். 'கஞ்சா எய்ட்ஸ் நோயாளிக்குக் கெடுதல் செய்கிறதா?' 1997-ல் சரக்கும் வந்தது; கிட்டத்தட்ட பத்து லட்சம் டாலர் பணமும் வந்தது!

2003-ல் வெளியான முடிவு: 21 நாள் சோதனையில் வைரஸின் அளவு கூடவில்லை. 2007-ல் இன்னொரு ஆய்வு. எய்ட்ஸால் நரம்பு எரிச்சல் வந்த 50 பேர். கஞ்சா புகைத்தவர்களுக்கு வலி 34 சதவிகிதம் குறைந்தது. சத்து நீக்கிய போலிக் கஞ்சா புகைத்தவர்களுக்கு 17 சதவிகிதம். அற்புதம் என்று ஆடவும் முடியாது. ஒன்றுமில்லை என்று தள்ளவும் முடியாது. மருந்து என்றால் பெரும்பாலும் இப்படித்தானே?

2017-ல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகங்கள் எல்லா ஆராய்ச்சிகளையும் கூட்டிப் பெருக்கிச் சொன்னதும் இதே ரீதிதான். பெரியவர்களின் தீராத வலி, கீமோதெரபியின் குமட்டல், 'மல்டிபிள் ஸ்க்ளெரோஸிஸ்' என்னும் நரம்பு நோயின் தசை இறுக்கம் – இவற்றுக்குப் பலன் உண்டு என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. மனச்சிதைவு போன்ற நோய்களுக்கும் கஞ்சாவுக்கும் தொடர்பு இருப்பதற்கும் ஆதாரம் இருக்கிறது. 2018-ல், போதை தராத 'கன்னாபிடியால்' என்ற சத்தைச் செடியிலிருந்து பிரித்தெடுத்த 'எபிடியோலெக்ஸ்', குழந்தைகளின் கொடிய வலிப்பு நோய்களுக்கு அங்கீகாரம் பெற்றது. 2024-ல் மத்திய அரசே கஞ்சாவை மூன்றாவது அட்டவணைக்கு இறக்கலாம் என்று முன்மொழிந்தது.

இந்த இடத்தில் நமக்குக் கொஞ்சம் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ள உரிமை உண்டு. மேல்நாட்டு வைத்தியத்துக்குக் கஞ்சாவை முறைப்படி அறிமுகப்படுத்திய ஓ'ஷானஸி என்ற டாக்டர் அதைக் கற்றது கல்கத்தாவில்! அங்குள்ள வைத்தியர்களையும் ஹக்கீம்களையும் விசாரித்து, வலிப்புக்கும் தசை இழுப்புக்கும் கொடுத்துப் பார்த்து 1839-ல் கட்டுரை எழுதினார். அதே வலிப்புக்கு அமெரிக்காவின் முத்திரை விழ 179 வருஷம் ஆயிற்று. நம் 1985-ம் வருஷச் சட்டம் கஞ்சாவைத் தடுத்தாலும், பூ நீக்கிய இலையை விட்டுவைத்தது. அதனால்தான் வடக்கே பாங்கு ஓடுகிறது. அது தனிக் கதை.

மூன்றாவது இடம்

இப்போது கடை. 2018 ஜனவரியிலிருந்து 21 வயது நிரம்பிய யாரும் வாங்கலாம். வாசலில் வாட்டசாட்டமான ஒருவர் அடையாள அட்டை பார்க்கிறார். உள்ளே நகைக்கடை போல் கண்ணாடிப் பெட்டி, விளக்கு. மிட்டாய், தைலம், சொட்டு மருந்து. குழந்தைகள் திறக்க முடியாத டப்பாக்கள். டப்பாவைத் திறக்க நண்பருக்கே முடியாது என்று தோன்றியது. க்யூவில் நின்ற நரைத்த தலைகளைப் பார்த்தால் ரேஷன் கடை ஞாபகம்தான் வருகிறது.

நம் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. விசாவில் போகிறவர்களுக்கு இது வேடிக்கை பார்க்கும் இடம் மட்டுமே. குடியேற்ற அதிகாரிகளுக்கு மத்திய சட்டம்தான் வேதம். "கலிஃபோர்னியாவில் தப்பில்லையே" என்று அவர்களிடம் வாதாடினால், அடுத்த விமானத்தில் வாதாட வேண்டியிருக்கும்!

பெரோன் இந்தக் கடைகளை வரவேற்கவில்லை. 2016 சட்டத்தை எதிர்த்தவர்களில் அவரும் ஒருவர். கஞ்சா உபயோகம் எல்லாமே வைத்தியம்தான். அதில் பொழுதுபோக்கு என்று ஒன்று கிடையாது என்பது அவர் கட்சி. நண்பரும் பெரோனும் நேர் எதிர்க் காரணங்களுக்காக ஒரே பெட்டியில் 'நோ' போட்டிருக்கிறார்கள்! 2018 ஜனவரியில், கடைகள் திறந்து சில வாரங்களில், பெரோன் காலமானார். பிரவுனிப் பாட்டி 1999-லேயே போய்விட்டார்.

அவர்கள் கவலைப்பட்டதற்குக் காரணம் இருந்தது. புதுச் சட்டம் வந்தபோது வரியும் வந்தது. ஏழை நோயாளிகளுக்கு இலவசமாகக் கொடுத்துவந்த தர்ம ஸ்தாபனங்களும், கொடுக்கும் சரக்குக்கு விற்றது போலவே வரி கட்ட வேண்டும் என்றாயிற்று. காசு வாங்காமல் கொடுப்பவர் எங்கிருந்து கட்டுவார்? பல ஸ்தாபனங்கள் திணறின; சில கையை விரித்தன. யாருக்காகக் கதவு திறந்ததோ, அவர்களே வாசலில் நின்றார்கள்.

2019-ல் அந்த வரியை நீக்கி ஒரு சட்டம் கொண்டு வந்தார்கள். அதன் பெயர், 'டென்னிஸ் பெரோன் – பிரவுனி மேரி சட்டம்'. இரண்டு வருஷம் கழித்து, மரணத்தை நெருங்கிய நோயாளிகள் ஆஸ்பத்திரிப் படுக்கையிலேயே – புகைக்காமல் – மருத்துவக் கஞ்சா எடுத்துக்கொள்ளவும் தனிச் சட்டம் வந்தது. எண்பதுகளில் பாட்டி கூடையில் வைத்து வார்டுக்குள் கொண்டு போனதற்கு, சட்டம் வந்து சேர நாற்பது வருஷம் ஆகியிருக்கிறது.

"பொழுதுபோக்குக்கு நோ. இதுக்கு ஓட்டு கேட்டிருந்தா நான் 'எஸ்' போட்டிருப்பேன் சார்" என்றார் நண்பர்.

இந்தச் சண்டையில் எந்தப் பக்கம் சேருவது என்று கேட்கிறவர்களுக்கு அந்த ஊர் ஒரு சுலபமான சோதனையைக் கற்றுக்கொடுத்திருக்கிறது. கஞ்சாவுக்காகப் பேசுகிறவரானாலும் சரி, எதிர்த்துப் பேசுகிறவரானாலும் சரி... 'பேச்சு முடிந்ததும் வார்டுக்குப் போவீர்களா?' என்று கேட்டுப் பாருங்கள். மேரி ரத்பன் போனார். ஏப்ரம்ஸ் போனார். மற்றவர்கள் பெரும்பாலும் டி.வி. ஸ்டுடியோவுக்குத்தான் போனார்கள்.

பாட்டி தன் பிரவுனியின் செய்முறையைக் கடைசி வரை வெளியே விடவில்லையாம். பரவாயில்லை. கஞ்சா கிடக்கட்டும், அதில் கலந்திருந்த மற்றச் சரக்கு, கடையில் எந்தக் கண்ணாடிப் பெட்டியிலும் இல்லை.